தெருப் பலகையை நம்பலாமா? இங்கிலாந்துத் தெருப் பெயர்களைத் தோண்டிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நாட்டிங்காம் நகரத்தின் நடுவே ஃப்ளெச்சர் கேட் என்று ஒரு தெரு இருக்கிறது. ஃப்ளெச்சர் என்றால் அகராதிப்படி அம்பு செய்கிறவர். கேட் என்றால் வாசல். போதாக்குறைக்கு வில்வீரன் ராபின் ஹூட்டின் ஊர். ஊரிலிருந்து வந்திருந்த உறவினர்களிடம், "அம்பு செய்கிறவர்கள் இருந்த கோட்டை வாசல் இதுதான்" என்று கொஞ்சம் மிதப்பாகவே விளக்கினேன். அவர்களும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் பழைய ஆவணங்களில் அந்தப் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தேன்: ஃப்ளெஷ்ஹியூவர்கேட். ஃப்ளெஷ்ஹியூவர் என்றால் இறைச்சி வெட்டுகிறவர். கேட் என்பது வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் 'காட்டா', அதாவது தெரு. அம்பும் இல்லை, வாசலும் இல்லை. கசாப்புக்காரர் தெரு.

அன்றைக்குப் பட்ட வெட்கத்தில் கற்றுக்கொண்ட முறைதான் இந்தக் கட்டுரை. தெருப் பெயர் என்பது யாரோ முதன்முதலில் அந்த இடத்தைக் கைகாட்டிச் சொன்ன சொல். அன்றைக்கு அங்கே இருந்தது ஓடையோ சந்தையோ சேறோ, அது அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டது. பிறகு வந்த எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாக மாற்றினார்கள். கடைசியில் நகராட்சி பலகை அடித்து மாட்டியது. எழுத்து இப்படி மாறிக்கொண்டே வந்தாலும் தரை அவ்வளவு சுலபத்தில் மாறுவதில்லை. அதனால் பலகையைவிடப் பழைய எழுத்தை நம்புங்கள். பழைய எழுத்தும் குழப்பினால் காலுக்குக் கீழே இருக்கும் மேடு பள்ளத்தைக் கேளுங்கள்.

படி 1: ஒரே ஒரு தெருவைப் பிடித்துக்கொள்ளுங்கள்

முழு ஊரையும் ஆராயலாம் என்று கிளம்பினால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். தினமும் நடக்கிற ஒரு தெருவை எடுங்கள். நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: தெரு நேராகப் போகிறதா வளைகிறதா, எங்கே இறங்கி எங்கே ஏறுகிறது, எங்கே முடிகிறது. காரணம் தெரியாத ஒரு வளைவு இருந்தால் அதைக் கோடிட்டு வையுங்கள். ஐந்தாம் படியில் அது தேவைப்படும்.

படி 2: பெயரின் கடைசிச் சொல்லை முதலில் படியுங்கள்

எல்லாரும் முதல் சொல்லில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காலத்தைக் காட்டிக்கொடுப்பது கடைசிச் சொல்.

ஸ்ட்ரீட் என்பது லத்தீனின் 'ஸ்ட்ராட்டா'விலிருந்து வந்தது. பரப்பிய, தளம் போட்ட பாதை என்று பொருள். ரோமானியர்கள் போட்டுவிட்டுப் போன நெடும்பாதைகளை, பிறகு வந்து குடியேறிய ஆங்கிலோ சாக்சன்கள் இந்தச் சொல்லால் குறித்தார்கள். வாட்லிங் ஸ்ட்ரீட், எர்மின் ஸ்ட்ரீட், ஸ்டேன் ஸ்ட்ரீட் எல்லாம் அப்படிப்பட்டவை. ஸ்ட்ராட்ஃபோர்டு, ஸ்ட்ரெட்டன், ஸ்ட்ரெத்தம் போன்ற ஊர்ப் பெயர்களிலும் ஒளிந்திருப்பது அதே ஸ்ட்ரீட்தான். இந்த ஊர்களில் ஒன்றின் வரைபடத்தில் அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி ஒரு சாலை தெரிந்தால், ரோமானியர் பாதையா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

கேட் என்பதுதான் பெரிய பொறி. 866-இல் வைக்கிங்குகளின் டேனிஷ் படை யார்க் நகரத்தைப் பிடித்தது. அதற்குப் பிறகு இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நார்ஸ் பேச்சு வேர் பிடித்தது. அதனால் யார்க், நாட்டிங்காம், லீட்ஸ், லிங்கன் பக்கத்தில் கேட் என்றால் பெரும்பாலும் தெரு. லண்டனில் ஆல்ட்கேட், பிஷப்ஸ்கேட், லட்கேட் என்றால் நிஜமான மதில் வாசல். அப்படியானால் யார்க்கில் வாசலுக்கு என்ன சொல்வார்கள்? பார். மிக்கிள்கேட் என்றால் பெரிய தெரு. அந்தத் தெரு மதிலைத் தாண்டும் இடத்தில் நிற்கும் கல் வாசல் மிக்கிள்கேட் பார். சாராயக்கடை என்று நினைத்து உள்ளே போகப் பார்க்கும் சுற்றுலாப் பயணிகளைப் பார்த்து யார்க் ஆட்கள் சிரிப்பதுண்டு.

ரோடு இவற்றோடு ஒப்பிட்டால் நேற்று பிறந்த குழந்தை. 'குதிரையில் போவது' என்ற பொருளில் இருந்த பழைய சொல், பாதை என்ற பொருளுக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். லண்டனின் பழைய மதிலுக்குள் இருந்த சிட்டிப் பகுதியில் ரோடு என்று முடியும் பெயரே வெகுகாலம் இல்லை. 1994-இல் எல்லையை மாற்றியபோது கோஸ்வெல் ரோட்டின் ஒரு பாதி உள்ளே வந்து அந்தப் பெருமையைக் கெடுத்தது. ஒரு தெருவுக்கு ரோடு என்று பெயர் இருந்தால், அது ஊருக்கு வெளியே போன பாதையா, அல்லது பிற்காலத்தில் வீடு கட்டி விற்றவர்கள் வைத்த பெயரா என்று பாருங்கள்.

மியூஸ் பற்றி ஒரு வார்த்தை. லண்டனில் இன்று கோடிக்கணக்கில் விலை போகும் சின்னச் சந்து வீடுகளுக்கு இந்தப் பெயர். மியூ என்றால் வேட்டைப் பறவைகளை இறகு உதிர்க்கும் காலத்தில் அடைத்து வைக்கும் கூண்டு. சேரிங் கிராஸில், இன்று ட்ரஃபால்கர் சதுக்கம் இருக்கும் பக்கத்தில், அரசரின் வல்லூறுகள் அப்படி இருந்தன. 1534-இல் அந்தக் கட்டடம் எரிந்துபோனது. திரும்பக் கட்டியபோது குதிரை லாயம் வந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. பிறகு பணக்கார வீடுகளின் பின்பக்க லாயச் சந்துகள் எல்லாமே மியூஸ் ஆகிவிட்டன.

ஹை ஸ்ட்ரீட்டில் வரும் 'ஹை' உயரம் இல்லை, முக்கியம் என்று பொருள். கிரசன்ட், டெரஸ், அவென்யூ எல்லாம் 18-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் பரவிய நாகரிகப் பெயர்கள். அவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

படி 3: கிடைக்கிற மிகப் பழைய எழுத்தைத் தேடுங்கள்

இந்த வேலையின் உயிர் இதுதான். இங்கிலாந்து இடப்பெயர்ச் சங்கம் 1923-இல் தொடங்கியது. அன்றிலிருந்து மாவட்டம் மாவட்டமாக, ஒவ்வொரு பெயரும் எந்த ஆண்டில் எப்படி எழுதப்பட்டது என்று தொகுத்துவருகிறது. பெரிய நூலகங்களில் அந்தத் தொகுதிகள் இருக்கும். உங்கள் பகுதி ஆவணக் காப்பகத்தில் நிலப் பத்திரம், வரிக் கணக்கு, நீதிமன்றப் பதிவேடு ஆகியவை கிடைக்கும். கையெழுத்து புரியவில்லை என்றால் அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். உதவி செய்ய அவர்களுக்குப் பிடிக்கும்.

பழைய எழுத்து ஏன் முக்கியம் என்பதற்கு என் மனதுக்குப் பிடித்த உதாரணம் லண்டனின் ஷெர்போர்ன் லேன். ஜான் ஸ்டோ என்கிற தையல்காரர் லண்டன் முழுக்க நடந்து 1598-இல் அந்த நகரத்தைப் பற்றி எழுதி வெளியிட்டார். லண்டன் தெருக்களைப் பற்றிப் பேசுகிற யாரும் அவர் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அவர் சொன்ன விளக்கம்: இங்கே ஓடிய ஓடை பல பங்குகளாகப் பிரிந்தது, பங்குக்கு 'ஷேர்', ஆகவே ஷெர்போர்ன். அழகாக இருக்கிறது. ஆனால் 13-ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் இருப்பது ஷிட்டபொர்வேலேன். முதல் பாதிக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், ஆங்கிலத்தில் இன்றும் அதே சொல்தான். அது கக்கூஸ் சந்து. இன்று அதை ஒட்டி வங்கிக்காரர்கள் கோட்டு சூட்டோடு நடக்கிறார்கள்.

மின்சிங் என்றால் இன்றைய ஆங்கிலத்தில் கொத்துவது, ஆனால் மின்சிங் லேனில் யாரும் எதையும் கொத்தவில்லை. 'மினிச்சென்' என்ற பழைய சொல்லுக்குக் கன்னியாஸ்திரி என்று பொருள். சிட்டிக்குள் இருக்கும் வாட்லிங் ஸ்ட்ரீட்டுக்கும் ரோமானியரின் வாட்லிங் ஸ்ட்ரீட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. அது முதலில் ஏதலிங் ஸ்ட்ரீட், அதாவது இளவரசர் தெரு. புகழ்பெற்ற பெயரின் சாயலில் பிற்பாடு வாட்லிங் ஆனது. பிரபலமான பெயர் ஒன்று பக்கத்தில் இருந்தால் சின்னப் பெயர் அதில் போய் விழுந்துவிடும். இது அடிக்கடி நடக்கும்.

இன்னொரு எச்சரிக்கை: சில பெயர்கள் மாறியது காலத்தால் இல்லை, கூச்சத்தால். இடைக்காலத்தில் விபசாரம் நடந்த சந்துகளுக்கு ஊர் மக்கள் பச்சையாகவே பெயர் வைத்தார்கள். பிறகு வந்தவர்கள் முகம் சுளித்து அவற்றைக் கழுவி மாற்றினார்கள். யார்க்கின் கிரேப் லேன் அப்படிப்பட்டது. அங்கே திராட்சைத் தோட்டத்தைத் தேட வேண்டாம்.

படி 4: வரைபடங்களைப் பின்னோக்கிப் புரட்டுங்கள்

இன்றைய வரைபடத்தில் தொடங்கி ஒவ்வொரு அடுக்காகக் கீழே போங்கள். நேராக 1600-க்குத் தாவினால் எந்தத் தெரு எது என்றே தெரியாது.

முதல் அடுக்கு ஆர்ட்னன்ஸ் சர்வே, அதாவது அரசின் நில அளவை நிறுவனம். அதன் முதல் வரைபடம், கென்ட் மாவட்டத்துடையது, 1801-இல் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அவர்கள் நகரங்களுக்குப் போட்ட பெரிய அளவு வரைபடங்களைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். ஒன்றுக்கு ஐந்நூறு என்ற அளவில் விளக்குக் கம்பம் வரை குறித்திருக்கிறார்கள். பொதுக் கட்டடங்களின் உள்ளமைப்பையும் வரைந்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்தின் பழைய சர்வே வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழையதை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்து, விரலால் இழுத்து மங்கவைத்துப் பார்க்கும் வசதி உண்டு. ஒரு சனிக்கிழமை போய்விடும், சொல்லிவிட்டேன்.

லண்டன் என்றால் இன்னும் கீழே இறங்கலாம். வீட்டு எண் வரை காட்ட முயன்ற ஹார்வுட் 1790களில். இருபத்து நான்கு தாள்களில் நகரத்தை விரித்த ஜான் ராக் 1746-இல். 1666 பெருந்தீக்குப் பிறகு எழுந்த லண்டனை ஓர் அங்குலத்துக்கு நூறு அடி என்று வரைந்த ஓகில்பி, மார்கன் இருவரும் 1676-இல். சிறிய ஊர்களுக்கு ஜான் ஸ்பீடின் 1610-ஐ ஒட்டிய நகரப் படங்கள் உண்டு. சின்னதுதான், ஆனால் மதிலும் வாசலும் தெரியும்.

ஊருக்கு வெளியே இருந்த பகுதி என்றால் தசமபாக வரைபடத்தைத் தேடுங்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைச் சர்ச்சுக்குக் கொடுக்கும் பழக்கத்தைப் பணமாக மாற்ற 1836-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்காக வயல் வயலாக அளந்து எண் போட்டார்கள். கூடவே உள்ள பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் சொந்தக்காரர், பயிர், பெரும்பாலும் வயலின் பெயரும் இருக்கும். விக்டோரியா காலத்தில் வீடு கட்டியவர்கள் பல தெருக்களுக்குப் பழைய வயலின் பெயரையே வைத்தார்கள். தெருக்கள் வயல் வரப்பை ஒட்டியே போகும். லண்டன் கோவன்ட் கார்டன் அருகில் லாங் ஏக்கர் இருக்கிறதே, அது வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் துறவிகளின் நீளமான நிலத் துண்டு. கோவன்ட் என்பதும் 'கான்வென்ட்' தேய்ந்ததுதான்.

வரைபடத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள், மனையின் அகலம். லீட்ஸின் பிரிகேட் (பாலத் தெரு) 1207-இல் ஒரு பட்டயத்தின்படி உருவானது. இருபுறமும் தெருப் பக்கம் குறுகலாகவும் பின்னால் நீளமாகவும் மனைகளை வெட்டிக் கொடுத்தார்கள். எண்ணூறு ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கோடுகள் அழியவில்லை. பிரிகேட்டிலிருந்து பக்கவாட்டில் போகும் சந்துகளும், 1870களில் தொடங்கி வந்த கண்ணாடிக் கூரை போட்ட கடைவீதிகளும் ஏன் அவ்வளவு ஒடுக்கமாக, அவ்வளவு நீளமாக இருக்கின்றன என்று கேட்டால் பதில் அந்த மனைகள்தான்.

படி 5: தண்ணீரைத் தேடுங்கள்

மேடு பள்ளம் பார்க்கத் தெரிந்தவருக்குத் தெருப் பெயர் பாதி விளங்கிவிடும். அதிலும் தண்ணீர் சம்பந்தப்பட்ட பெயர் பொய் சொல்வது குறைவு. ஓடையைக் குழாயில் அடைத்துவிடலாம், பள்ளத்தை அடைக்க முடியாது.

லண்டனில் ஃப்ளீட் ஆற்றில் தொடங்குங்கள். ஃப்ளீட் என்றால் கடலேற்றத்தின்போது தண்ணீர் உள்ளே வரும் கழி. பத்திரிகைகளால் பெயர் பெற்ற ஃப்ளீட் ஸ்ட்ரீட் அந்த ஆற்றைப் பார்த்துப் போகும் தெரு. ஆற்றின் மேல்பகுதிக்கு ஹோபர்ன் என்று பெயர், பள்ளத்து ஓடை. கழிவும் குப்பையும் நிறைந்து நாறியதால் சிட்டிப் பகுதியில் 1730களிலும் 1760களிலும் அதை மூடிவிட்டார்கள். பள்ளம் அப்படியே இருந்ததால் வண்டி இழுக்கும் குதிரைகள் திணறின. கடைசியில் 1869-இல் ஹோபர்ன் வயடக்ட் என்ற மேம்பாலம் கட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பாலத்தின் மேல் நின்று கீழே ஃபாரிங்டன் தெருவைப் பாருங்கள். பஸ் ஓடும் இடத்தில் ஆறு ஓடியது.

பக்கத்திலேயே டர்ன்அகெய்ன் லேன் என்று ஒரு முட்டுச் சந்து. 'திரும்பிப் போ சந்து'. ஸ்டோ இந்த முறை சரியாகச் சொல்கிறார்: சந்து ஆற்றங்கரை வரை போகும், கடக்க வழியில்லை, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஆறு கண்ணுக்குத் தெரியாமல் போய் இரண்டரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகிறது. பெயர் இன்னும் திரும்பிப் போ என்கிறது.

அங்கிருந்து வடக்கே கிளார்க்கன்வெல் பக்கம் நடந்தால் ரே ஸ்ட்ரீட் வரும். கோச் என்ற மதுக்கடைக்கு எதிரே சாலையில் ஓர் இரும்புக் கிராதி இருக்கிறது. வண்டி வராத நேரம் பார்த்துக் குனிந்து காதை வையுங்கள். கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். அதுதான் ஃப்ளீட், இன்று சாக்கடையாக. நான் ஞாயிறு காலையில் அப்படிக் குனிந்தபோது நாயோடு வந்த ஒரு பெரியவர் நின்று, "கேட்கிறதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

முதல் படியில் கோடிட்டு வைத்த வளைவு நினைவிருக்கிறதா? மேரிலபோன் லேன் அதற்குப் பாடம். சுற்றிலும் இருப்பவை 18-ஆம் நூற்றாண்டில் பிரபுக்கள் அடிக்கோல் வைத்துப் போட்ட கட்டம் கட்டமான தெருக்கள். அவற்றுக்கு நடுவே இந்த ஒரு சந்து மட்டும் நெளிந்து நெளிந்து போகிறது. காரணம், அது டைபர்ன் ஓடையின் கரையில் போன பழைய மண் பாதை. மேரிலபோன் என்ற பெயரே ஓடைக்கரையில் இருந்த புனித மேரி சர்ச்சிலிருந்து வந்தது, 'போன்' என்பது ஓடையைக் குறிக்கும் 'பர்ன்'. தெற்கே மேஃபேரில் ப்ரூக் ஸ்ட்ரீட் இருக்கிறது, அதுவும் இதே ஓடைதான். கட்டத் தெருக்களுக்குள் ஒரு தெரு குடித்துவிட்டு நடந்த மாதிரி போனால் முதலில் ஓடையைச் சந்தேகப்படுங்கள், அடுத்ததாக பேரிஷ் எல்லையை, அதாவது ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதியின் எல்லையை.

கரையும் நகரும். ஸ்ட்ராண்ட் என்றால் கரை. இன்று அந்தத் தெருவில் நின்றால் தேம்ஸ் கண்ணில் படாது. 1860களில் பாசல்ஜெட் என்ற பொறியாளர் ஆற்றுக்குள் மண் கொட்டிச் சுவர் எழுப்பி, உள்ளே சாக்கடைக் குழாயும் வைத்து எம்பாங்க்மென்ட் கட்டினார். அங்கே பூங்காவுக்குள் யார்க் வாட்டர்கேட் என்று 1626-இல் கட்டிய கல் படித்துறை ஒன்று நிற்கிறது. பிரபு படகிலிருந்து இறங்கிய இடம். அதன் முன்னால் இப்போது புல்வெளி. ஆறு நூறு மீட்டருக்கும் அப்பால் போய்விட்டது.

தரை ஏறவும் செய்யும். வால்புரூக் என்ற தெரு அதே பெயருள்ள ஓடையால் வந்தது, 'பிரிட்டன்காரர்களின் ஓடை'. அதன் கரையில் ரோமானியர் கட்டிய மித்ரா கோயிலை 1954-இல் தோண்டி எடுத்தார்கள். இப்போது அதைப் பார்க்க நிலத்தடிக்கு ஏழு மீட்டர் இறங்க வேண்டும். ஆகவே இன்று சமதளமாகத் தெரிவது அன்றும் சமதளம் என்று முடிவு கட்டாதீர்கள். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை லேசர் மூலம் அளந்த உயரத் தரவை இலவசமாகத் தருகிறது. கட்டடங்களை நீக்கிய வடிவில் பார்த்தால் காணாமல்போன ஓடைகளின் தடம் தெரியும்.

படி 6: தொழில் பெயர்களை இடத்தோடு பொருத்துங்கள்

லண்டன் சீப்சைடில் மலிவாக எதுவும் கிடைக்காது. 'சேப்' என்றால் சந்தை. அதைச் சுற்றிலும் பிரெட் ஸ்ட்ரீட், மில்க் ஸ்ட்ரீட், பௌல்ட்ரி, ஹனி லேன். ரொட்டி, பால், கோழி, தேன். பெயர்களைச் சேர்த்து வாசித்தாலே இடைக்காலச் சந்தையின் வரைபடம் வந்துவிடும்.

ஆனால் ஒற்றைப் பெயரை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. 1666 பெருந்தீ தொடங்கிய புட்டிங் லேனில் இனிப்புப் புட்டிங் செய்யவில்லை. அன்று புட்டிங் என்றால் குடல். ஈஸ்ட்சீப் சந்தையின் கசாப்புக்காரர்கள் பன்றிக் குடலையும் கழிவையும் இந்தச் சரிவு வழியாகத்தான் தேம்ஸில் நின்ற குப்பைப் படகுகளுக்குக் கொண்டுபோனார்கள். மேலே சந்தை, கீழே ஆறு, நடுவில் சரிவு. இடத்தைப் பார்த்தால் பெயர் தானாக விளங்குகிறது.

யார்க்கின் காப்பர்கேட்டைச் செம்புத் தெரு என்று நினைப்பவர்கள் உண்டு. அது நார்ஸ் மொழியில் மரக் கிண்ணம் கடைபவர்கள் தெரு. 1976 முதல் 1981 வரை அங்கே அகழ்வாய்வு நடந்தது. ஈர மண்ணில் மரம் மக்காமல் இருந்தது. கடைசல் போட்டதும் கிண்ணத்தின் நடுவே எஞ்சும் மரத் துண்டுகள் குவியலாகக் கிடைத்தன. ஒரு தெருப் பெயருக்கு இவ்வளவு நேரடியான சாட்சி கிடைப்பது அபூர்வம்.

நீளமும் ஒரு சாட்சி. ரோப்வாக், கேபிள் ஸ்ட்ரீட் போன்ற பெயர்கள் கயிறு திரித்த இடங்கள். கப்பல் கயிற்றை ஒரே நேர்கோட்டில் இழுத்துத்தான் முறுக்க முடியும். சாத்தம் கப்பல் தளத்தின் கயிற்றுக் கூடம் இன்றும் 346 மீட்டர் நீளத்தில் நிற்கிறது. லிவர்பூலின் போல்டு ஸ்ட்ரீட் ஏன் அவ்வளவு நேராக இருக்கிறது என்றால், அது கயிறு திரித்த தரை.

மடங்களைப் பற்றிச் சுருக்கமாக: பிளாக்ஃப்ரயர்ஸ், ஆஸ்டின் ஃப்ரயர்ஸ், மினரீஸ் எல்லாம் துறவிகளும் கன்னியாஸ்திரிகளும் இருந்த இடங்கள். எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களை மூடியதும் நிலம் கைமாறியது, பெயர் தங்கிவிட்டது. ஒரு பெயரில் மடம் இருந்தால் அதன் வயது 1540-க்கு முன் என்று குறித்துக்கொள்ளலாம். விக்டோரியா காலத்தில் அழகுக்காக மடத்தின் பெயரை வைத்த தெருக்கள் விதிவிலக்கு, வரைபடம் காட்டிக்கொடுக்கும்.

படி 7: நிலச் சொந்தக்காரரையும் பெயர் மாற்றிய அதிகாரியையும் கண்டுபிடியுங்கள்

17-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு தெருவுக்குப் பெயர் தானாக ஒட்டுவது குறைந்து, யாராவது வைப்பது அதிகமானது. இதில் உச்சம் பக்கிங்ஹாம் பிரபு ஜார்ஜ் வில்லியர்ஸ். ஸ்ட்ராண்டை ஒட்டிய தன் மாளிகையை 1672-இல் விற்றபோது தன் பெயரும் பட்டமும் தெருக்களில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். வாங்கியவர்கள் அப்படியே செய்தார்கள்: ஜார்ஜ் ஸ்ட்ரீட், வில்லியர்ஸ் ஸ்ட்ரீட், டியூக் ஸ்ட்ரீட், பக்கிங்ஹாம் ஸ்ட்ரீட். 'பக்கிங்ஹாமின் டியூக்' என்பதில் வரும் 'இன்'னுக்குக்கூட ஒரு சந்து, ஆஃப் ஆலி. இன்று அது யார்க் பிளேஸ். பலகையில் 'முன்பு ஆஃப் ஆலி' என்று எழுதியிருக்கிறது. போய்ப் பாருங்கள், சிரிப்பு வரும்.

19-ஆம் நூற்றாண்டில் லண்டன் வீங்கியபோது ஒரே பெயரில் டஜன் கணக்கில் தெருக்கள் இருந்தன. தபால்காரருக்குத் தலைசுற்றல். 1855 சட்டத்தால் வந்த பெருநகர வேலை வாரியமும், 1889-இல் அதன் இடத்தைப் பிடித்த லண்டன் மாவட்ட கவுன்சிலும் ஆயிரக்கணக்கில் பெயர்களை மாற்றின. உங்கள் தெருவின் பெயர் 1890 வரைபடத்தில் வேறாக இருந்தால் பதற வேண்டாம். பழைய பெயரைப் பிடித்து மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள். மக்கள் கணக்கெடுப்பு ஏடுகளில் உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்து முகவரி கிடைக்காததற்கும் இதுதான் காரணமாக இருக்கும்.

படி 8: கதை ரொம்ப நன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள்

லிவர்பூலின் பென்னி லேன் அடிமை வியாபாரி ஜேம்ஸ் பென்னியின் பெயரால் வந்தது என்று பல ஆண்டுகள் சொன்னார்கள். அவர் நிஜமான ஆள், அந்த வியாபாரமும் அந்த நகரத்தில் நிஜம். ஆனால் அங்குள்ள அடிமை வணிக அருங்காட்சியகம் 2020-இல் ஆவணங்களைத் திரும்ப ஆராய்ந்து, இணைக்க ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. பொருத்தமாக இருப்பது வேறு, ஆதாரம் இருப்பது வேறு. நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள், ஒன்றில் ஆண்டோடு கூடிய எழுத்துச் சான்று, மற்றதில் ஊர் சொல்லும் கதை. கலக்காதீர்கள்.

சில பெயர்கள் பிடிகொடுக்காது. யார்க்கின் மிகச் சிறிய தெருவுக்கு மிக நீண்ட பெயர், விப்-மா-வாப்-மா-கேட். 1505-இல் அது விட்நோர்வாட்நோர்கேட். 'இதெல்லாம் ஒரு தெருவா!' என்ற கேலிதான் என்று அங்குள்ள பலகை சொல்கிறது. சவுக்கடி கொடுத்த இடம் என்பது ஊர்க் கதை. நான் கேலியின் பக்கம்.

படி 9: நம் ஆட்கள் நடக்கும் தெருக்களில் ஒரு பயிற்சி

இங்கிலாந்தில் இருக்கும் தமிழர்களுக்கு மூன்று இடம் சொல்கிறேன்.

டூட்டிங்கில் முத்துமாரியம்மன் கோயில் இருக்கும் அப்பர் டூட்டிங் ரோட்டில் நின்று தெற்கே பாருங்கள். லண்டன் பாலத்திலிருந்து சிச்சஸ்டருக்கு ரோமானியர் போட்ட ஸ்டேன் ஸ்ட்ரீட் இந்த வழியாகத்தான் போனது. தோசைக் கடையும் நகைக் கடையும் வரிசையாக நிற்கும் கோடு அது. 1926-இல் திறந்த நார்தர்ன் லைன் நீட்டிப்பும் அதே சாலைக்குக் கீழே போகிறது. டூட்டிங் என்பது டோட்டா என்பவரின் ஆட்கள் இருந்த இடம். டூட்டிங் பெக்கில் வரும் பெக், நார்மண்டியில் உள்ள மடம். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நிலம் அந்த மடத்துக்குப் போனது.

அடுத்து ஈஸ்ட் ஹாம். ஸ்ட்ரெத்தமின் 'ஹம்'மும் ஈஸ்ட் ஹாமின் 'ஹாம்'மும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. பழைய ஆங்கிலத்தில் முதலாவது 'ஹாம்', குடியிருப்பு. இரண்டாவது 'ஹம்ம்', தண்ணீர் சூழ்ந்த நிலம். 958-இன் சாசனத்தில் ஹம்மே என்று இருக்கிறது. எழுத்தில் ஐயம் இருந்தால் வரைபடத்தை விரியுங்கள்: மேற்கே லீ ஆறு, கிழக்கே ரோடிங் ஆறு, தெற்கே தேம்ஸ். ஹை ஸ்ட்ரீட் வழியாக வடக்கிலிருந்து தெற்கே நடந்து பாருங்கள். நிலம் தட்டையாகிக்கொண்டே போவது காலுக்குத் தெரியும்.

கடைசியாக ஹாரோ. 767-ஆம் ஆண்டுச் சாசனத்தில் அது குமெனிங்க ஹெர்கே, குமென் கூட்டத்தாரின் கோயில். 'ஹெர்க்' என்றால் கிறிஸ்தவம் வருவதற்கு முன்பிருந்த வழிபாட்டு இடம். குன்றின் உச்சியில் இப்போது செயின்ட் மேரி சர்ச் இருக்கிறது, 1094-இல் அர்ப்பணித்தது. ஹாரோ ஆன் த ஹில் ஸ்டேஷனில் இறங்கி ஏறத் தொடங்குங்கள். கோயிலை ஏன் அங்கே வைத்தார்கள் என்று பாதி ஏற்றத்திலேயே புரிந்துவிடும்: மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்க்கும்போது, சுற்றிலும் வெகுதூரம் விரிந்து கிடக்கும்.